அடைப்ப எடுத்தாச்சு, அப்புறம்?

ஹார்ட் அட்டாக் வந்து ஆஸ்பத்திரில இருந்து வீடு திரும்புனவங்கள பாக்க வர்றவங்க எல்லாரும், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் டேபிள் மேல வச்ச கையோட ஒரே கேள்விதான் கேப்பாங்க. "அடைப்ப எடுத்துட்டாங்கல்ல? அப்புறம் என்ன, இனி ஒண்ணும் பயம் இல்ல." கேள்வியா ஆரம்பிச்சு பதிலையும் அவங்களே சொல்லிட்டு காப்பி குடிச்சுட்டு கெளம்பிருவாங்க. எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு அட்டாக் வந்திருக்கு. பெரியப்பாவுக்கு தொண்ணூறுகளோட கடைசில, அப்பாவுக்கு கொரோனா எல்லாம் ஓஞ்சதுக்கு அப்புறம். ரெண்டு பேருக்கும் அடைச்ச ரத்தக்குழாய தொறந்து விட்டாங்க, ரெண்டு பேரும் பொழைச்சாங்க. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு பேரும் வாழ்ந்த விதத்த பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரே வியாதின்னே சொல்ல முடியாது. நான் டாக்டர் இல்ல, கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பேக்டரில கணக்கு எழுதுறவன், இந்த வித்தியாசம் எங்கேந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ரொம்ப நாளா படிச்சுட்டும் டாக்டருங்கள நச்சரிச்சுட்டும் இருக்கேன்.

பெரியப்பா தேயிலை செடிய கவாத்து வெட்டிட்டு இருந்தப்பதான் நெஞ்சு அமுக்குதுன்னாரு. காலைல ஒன்பது, ஒன்பதரை இருக்கும். வாயுன்னு சொல்லி சுக்குத்தண்ணி குடுத்தாங்க, அப்புறம் ஓம வாட்டர். மத்தியானம் ஒரு கிளினிக்ல கேஸுக்கு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க, ஈசிஜி எடுக்கல. சாயந்தரம் சட்டை பிழியுற அளவுக்கு வேர்த்ததும்தான் ஜீப் புடிச்சு கீழ எறக்குனாங்க. கோயமுத்தூர்ல ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏத்துனாங்க, 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரம் டிரிப்ஸ்ல. ரத்தக்கட்டு கரைஞ்சிருச்சு, நல்ல நேரம்னு சொன்னாங்க. உயிர் மிஞ்சுச்சு, நல்ல நேரம்தான். ஆனா அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷத்துக்கு மேல அவரு ரெண்டு தலகாணி போட்டு சாஞ்ச மாதிரிதான் படுத்தாரு. நீர் பிரிய வைக்கிற லேசிக்ஸ் மாத்திரை போடலைன்னா ரெண்டு நாள்ல கால்ல விரல் வச்சா குழி விழும். கவாத்து கத்திய அப்புறம் அவரு தொடவே இல்ல, தோட்டத்த பெரியம்மாதான் பாத்துக்கிட்டாங்க.

இதயத் தசை எப்படி சாகுதுங்கறது 1977லயே ஆராய்ச்சில தெரிஞ்சு போச்சு. அமெரிக்காவுல ரைமர், ஜென்னிங்ஸ்னு ரெண்டு பேர், நாயோட இதயத்துல ஒரு ரத்தக்குழாய கட்டிப்போட்டு 40 நிமிஷம், 3 மணி நேரம், 6 மணி நேரம்னு விட்டு அவுத்துப் பாத்தாங்க. தசை ஒரேயடியா சாகறதில்ல, உள்பக்கம் முதல்ல செத்து அப்படியே வெளிப்பக்கமா பரவுது. சீக்கிரம் அவுத்துவிட்டா வெளிப்பக்கத் தசை தப்பிச்சுக்குது, ஆறு மணி நேரம் ஆயிட்டா காப்பாத்த பெருசா எதுவும் மிஞ்சறதில்ல. அதே 1977 செப்டம்பர்லதான் சூரிக்ல க்ரூன்ட்ஸிக்ங்கற டாக்டர் முதல் முதலா பலூன விட்டு இதய ரத்தக்குழாய விரிச்சாரு. தேயிலை செடி காஞ்சு போனா அந்த எடத்துல இடைநடவு போட்டுக்கலாம், இதயத் தசைக்கு அது கெடையாது. செத்த எடத்துல தழும்புதான் வரும், தழும்பு சுருங்கி விரியாது. மிச்சம் இருக்குற தசை அதோட வேலையையும் சேத்து செஞ்சு செஞ்சு, இதயம் வருஷக்கணக்குல மெதுவா ஊதிப் பெருசாகுது. பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான்.

நேரத்தோட கணக்க 1996ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல போட்டிருக்காங்க. அதுவரைக்கும் நடந்த ஆய்வுகள்ல இருந்த 50,000 பேருக்கு மேல சேத்து வச்சுப் பாத்த கணக்கு. வலி ஆரம்பிச்ச முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள ரத்தக்கட்டக் கரைக்கிற மருந்து போட்டா, போடாதவங்களோட பாக்குறப்ப ஆயிரம் பேருக்கு 65 உயிர் கூடுதலா மிஞ்சுது. ஆறு மணி நேரம் தாண்டி பன்னெண்டுக்குள்ளன்னா 18தான். வைத்தியம் ஒண்ணுதான், கடிகாரம்தான் வேற.

அன்னைக்கு போட்ட மருந்தோட பலன் எவ்வளவு நாள் நிக்கும்ங்கறதுக்கும் பதில் இருக்கு. இத்தாலில 1986ல வந்த கிஸ்ஸி ஆய்வு, 11,000 பேருக்கு மேல, பாதி பேருக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ். 21 நாள்ல சாவு 13 சதவீதத்துல இருந்து 10.7க்கு எறங்குச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு ஐசிஸ்-2, 17,187 பேர், அதுல ஸ்ட்ரெப்டோகைனேஸோட சாதாரண ஆஸ்பிரினையும் சேத்துக் குடுத்தப்ப அஞ்சு வாரத்துல இதய, ரத்தக்குழாய் சாவு 13.2ல இருந்து 8 சதவீதத்துக்கு வந்துச்சு. ஆஸ்பிரின் அன்னைக்கும் சில்லறைக் காசு மாத்திரைதான். ரெண்டு ஆய்வுலயும் இருந்தவங்கள பத்து வருஷம் தொடர்ந்து பாத்தாங்க, முதல் சில வாரத்துல கெடச்ச லாபம் அப்படியே நின்னுச்சு. ஒரு மணி நேரம் ஓடுன டிரிப்ஸுக்கு பத்து வருஷம் கழிச்சும் கணக்குல இடம் இருக்கு. ஆனா அதுக்கப்புறம் அந்த லாபம் தானா வளரவும் இல்ல. மீதிய நம்மதான் பாத்துக்கணும், அதுக்கு பின்னாடி வரேன்.

இப்போ நம்ம மலைக்கு வரேன். இன்னைக்கு பெரிய மருத்துவ வழிகாட்டிகள்ல இருக்குறது என்னன்னா, அட்டாக்னு ஈசிஜில உறுதி ஆனதுல இருந்து 120 நிமிஷத்துக்குள்ள கேத் லேப்ல (ரத்தக்குழாய்க்குள்ள ஒயர் விட்டு வைத்தியம் பாக்குற அறை) அடைப்ப தொறக்க முடியும்னா, மருந்துக்கு பதிலா நேரா பலூன் விட்டுத் தொறக்குற ஆஞ்சியோபிளாஸ்டிதான் சிறந்தது. மருந்தால முழுசா ரத்த ஓட்டம் வர்றது பாதி பேருக்குக் கிட்டத்தான், ஸ்ட்ரெப்டோகைனேஸ்னா மூணுல ஒருத்தருக்கு. பலூனால தொறந்தா பத்துல ஒன்பது பேருக்கு மேல வருது. அதுல சந்தேகமே வேணாம். ஆனா 120 நிமிஷம். கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையமே 33 கிலோமீட்டர், ஊட்டில இருந்து கோவை 85 கிலோமீட்டர் வாக்குல. கூகுள் மேப் என்ன வேணா சொல்லட்டும், சீசன்ல ஏற குன்னூர் வழி, எறங்க கோத்தகிரி வழின்னு ஒருவழி ஆக்குனதுக்கு அப்புறமும் டூரிஸ்ட் வண்டி ஊர்ந்துட்டு நிக்கும், பலாப்பழ சீசன்ல குஞ்சப்பனைல யானை நிக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில மரமோ மண்ணோ ரோட்டுல கெடக்கும். கூடலூர்க்காரங்க பாதிப் பேர் கேரளாவுக்கு எறங்குவாங்க, கொடைக்கானல்காரங்க வத்தலகுண்டு போய் மதுரை போகணும். ஆம்புலன்ஸ் வர்ற நேரம், கீழ போய் அட்மிஷன் போட்டு கேத் லேப் ஆளுங்க வந்து சேர்ற நேரம் எல்லாம் கூட்டுனா மலைமேல இருக்குற பெரும்பாலானவங்களுக்கு 120 நிமிஷம் கட்டுப்படியாகாது.

டென்மார்க்ல டனாமி-2ன்னு ஒரு பெரிய ஆய்வு, 2003ல வந்தது. சின்ன ஆஸ்பத்திரிலயே மருந்து போடுறதா, இல்ல ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆஞ்சியோபிளாஸ்டி பண்றதான்னு பாத்தாங்க, அனுப்புறதுதான் ஜெயிச்சுது. அதே ஆளுங்கள 16 வருஷம் விடாம பாத்திருக்காங்க, அதுதான் எனக்குப் புடிச்ச பகுதி. சாவோ மறுபடி அட்டாக்கோ வந்தவங்க, மருந்து போட்டவங்கள்ல 62.3 சதவீதம், அனுப்பி வச்சவங்கள்ல 58.7. சராசரியா அந்தக் கெட்ட நாளு ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கு. ஆனா மொத்த சாவுன்னு பாத்தா ரெண்டு பக்கமும் ஏறக்குறைய பாதிப்பாதி, வித்தியாசம் இல்ல. ஆஞ்சியோபிளாஸ்டிதான் எல்லாம்னு நெனைக்கிறவங்க இந்த நம்பர ஒரு தடவ பாக்கணும். இன்னொண்ணு, டென்மார்க்கோட உச்சியே 171 மீட்டர்தான். நம்ம தொட்டபெட்டா 2,637. அவங்க ரோட்டையும் நம்ம ரோட்டையும் ஒரே கணக்குல போட முடியாது.

நம்மளுக்குப் பொருந்துறது 2013ல வந்த ஸ்ட்ரீம் ஆய்வுதான். வலி வந்து மூணு மணி நேரத்துக்குள்ள வந்தவங்க, ஆனா ஒரு மணி நேரத்துக்குள்ள கேத் லேப் போக முடியாதவங்க. அவங்கள்ல பாதிப் பேருக்கு எடத்துலயே ரத்தக்கட்டக் கரைக்கிற டெனெக்டெப்லேஸ் ஊசி போட்டு, 6ல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய படம் எடுத்துப் பாக்குறது. மீதிப் பேருக்கு நேரா ஆஞ்சியோபிளாஸ்டி. ஒரு மாசம் கழிச்சு பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மூளைல ரத்தக் கசிவுங்கற ஆபத்து ஊசி பக்கம் கூட இருந்துச்சு, நூத்துல ஒருத்தருக்கு, அதனால 75 வயசு தாண்டுனவங்களுக்கு ஆய்வு நடுவுலயே டோஸ பாதியாக்கிட்டாங்க. அதோட ஊசி போட்ட மூணுல ஒருத்தருக்கு மேல ரத்தக்கட்டு சரியா கரையாம அவசரமா கேத் லேப் போக வேண்டி வந்துச்சு. அதனாலதான் ஊசிய போட்டுட்டு விடியட்டும்னு மலைமேல உக்காந்திருக்கக் கூடாது, போட்டதும் கெளம்பிரணும். என்னோட கட்சி இதுதான்: மலைமேல இருக்குறவங்களுக்கு முதல்ல ஊசி, அப்புறம் ரோடு. "எதுக்கு இங்க வச்சு நேரத்த வீணாக்குறீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க"ன்னு டூட்டி டாக்டர்கிட்ட சண்டை போடுற சொந்தக்காரங்கதான் பல நேரத்துல உண்மையில நேரத்த வீணாக்குறவங்க.

இது வெளிநாட்டுக் கதை மட்டும் கெடையாது. கோவைல டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் கூட இருந்தவங்களும் தமிழ்நாட்டுல நாலு எடத்துல சின்ன ஆஸ்பத்திரிகள பெரிய ஆஸ்பத்திரிகளோட இணைச்சு இதையே செஞ்சு பாத்தாங்க, 108 வண்டியும் அதுல சேத்தி. 2,420 நோயாளிங்க. ஒரு வருஷ சாவு 17.6 சதவீதத்துல இருந்து 14.2க்கு வந்துச்சுன்னு 2017ல வெளியிட்டாங்க. அதுக்கு முன்னாடி நாடு முழுக்க எடுத்த க்ரியேட் கணக்குல, நம்மாளுங்க வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே நடுவாந்திரமா 300 நிமிஷம் ஆகுதுன்னு இருந்துச்சு. அஞ்சு மணி நேரம். பெரியப்பா ஒண்ணும் விதிவிலக்கு இல்ல.

அப்பாவுக்கு வந்தது ராத்திரி பதினோரு மணிக்கு. தாடையும் எடது கையும் வலிக்குதுன்னாரு. அம்மா சுக்க எடுக்கல, பெரியப்பாவ பாத்த அனுபவம், செருப்பத்தான் எடுத்தாங்க. பக்கத்து ஆஸ்பத்திரில ஈசிஜி எடுத்து டூட்டி டாக்டர், சின்னப் பொண்ணு, வரிசையா கேக்குது: முன்னாடி பக்கவாதம் வந்திருக்கா, சமீபத்துல ஆபரேஷன் ஏதாவது, ரத்த வாந்தி, கருப்பா மலம் போச்சா. கடைசியா "எத்தனை கிலோ இருப்பீங்க அப்பா?" அப்பா "அறுவத்தெட்டு"ங்கறாரு. அம்மா "இல்லம்மா, எழுவத்திரெண்டு, போன மாசம்தான் பாத்தோம்"ங்கறாங்க. அந்த நெலமையிலயும் ரெண்டு பேரும் அதுக்கு ஒரு சண்டை. எனக்கு எரிச்சலா வந்துச்சு, டெனெக்டெப்லேஸ் டோஸே எடைய வச்சுத்தான், எழுபதுக்கு கீழ ஒரு அளவு மேல ஒரு அளவுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு அப்பாவ ஏற எறங்கப் பாத்துட்டு 35 மில்லிகிராம்னு சொல்லுச்சு. ஊசி போட அஞ்சாறு செகண்டுதான். கொஞ்ச நேரத்துல மானிட்டர்ல கோடு தாறுமாறா ஓடுச்சு, நான் எந்திரிச்சுட்டேன், சிஸ்டர் தோளப் புடிச்சு "உக்காருங்க தம்பி, குழாய் தொறக்குறப்ப சில பேருக்கு இப்படி வரும்"னாங்க. ஒன்றரை மணி நேரத்துல ரெண்டாவது ஈசிஜி. முதல் ஈசிஜில கூரை மாதிரி தூக்கிட்டு இருந்த கோடு பாதிக்கு மேல எறங்கியிருந்துச்சு. ரெண்டு பேப்பரையும் போட்டோ எடுத்து கீழ அனுப்பிட்டு, கையிலயும் குடுத்து, ஊசி போட்ட மணிய பேனாவால கொட்டையா எழுதி அனுப்புனாங்க. கோவைல கேட்ட முதல் கேள்வியே "எத்தனை மணிக்கு லைசிஸ்?"ங்கறதுதான், லைசிஸ்னா ரத்தக்கட்டக் கரைக்கிற ஊசி.

மறுநாள் மணிக்கட்டு வழியா ஆஞ்சியோ பண்ணி முன்பக்க ரத்தக்குழாய்ல ஒரு ஸ்டென்ட், குழாய தொறந்தே வைக்கிற சின்ன வலைக்குழாய். எக்கோ பாத்தப்ப ஈஎஃப், அதாவது ஒவ்வொரு துடிப்புலயும் இதயம் எத்தனை சதவீத ரத்தத்த வெளிய தள்ளுதுங்கற கணக்கு, நாப்பதுக்குப் பக்கம். ஐம்பத்தஞ்சுக்கு மேல இருக்கணும். திரையில முன்பக்கச் சுவர் மட்டும் அசையாம நிக்குது, மத்ததெல்லாம் சுருங்கி விரியுது. அப்பவே எனக்கு பெரியப்பாவோட தலகாணிதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா அந்த நம்பர நம்பி அழ வேண்டாம்னு டாக்டர் சொன்னாரு. ரத்தம் திரும்புன தசை சாகாமலே கொஞ்ச நாள் மரத்துப் போய் கெடக்குமாம், வாரக்கணக்குல மெதுவா முழிக்குமாம். அதனாலதான் நெஞ்சுல ஷாக் குடுக்குற மெஷின் வைக்கணுமான்னு முடிவு பண்ணக்கூட குறைஞ்சது 40 நாள் கழிச்சு, ஸ்டென்ட் வச்சிருந்தா மூணு மாசம் கழிச்சு, மறுபடி எக்கோ பாக்குறாங்க. இதுக்கு நேர் எதிராவும் நடக்கும். பெரிய குழாய் ஜம்முனு தொறந்திருக்கும், படத்துல ரத்தம் ஓடும், ஆனா அதுக்குக் கீழ இருக்குற மயிரிழை குழாயெல்லாம் வீங்கி அடைச்சு தசைக்கு ஒண்ணும் போய்ச் சேராது. தாமதமாத் தொறந்தவங்களுக்கு இது கூடுதல். அடைப்ப எடுத்தாச்சுங்கற வார்த்தைய நம்பி உக்காரக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான். அப்பாவுக்கு மூணு மாசத்துல ஐம்பதத் தொட்டுருச்சு.

வலது பக்க குழாய்ல இன்னொரு அடைப்பும் இருந்துச்சு. அட்டாக் வந்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி வேற எடத்துலயும் இருக்கும். அதையும் சில வாரத்துல ஸ்டென்ட் போட்டாங்க. கம்ப்ளீட்ங்கற ஆய்வு, 2019, 4,041 பேர்: ரெண்டாவது அடைப்பையும் சரி பண்ணவங்களுக்கு மூணு வருஷத்துல இதய சாவோ அட்டாக்கோ 7.8 சதவீதம், விட்டவங்களுக்கு 10.5. அதே சமயம், அட்டாக் வந்து மூணு நாள், பத்து நாள் கழிச்சு வந்து, வலி இல்லாம சும்மா இருக்குறவங்களுக்கு அட்டாக்குக்குக் காரணமாகி முழுசா மூடிக் கெடக்குற குழாய தொறந்து பிரயோஜனம் இல்லன்னு 2006லயே ஓட் ஆய்வுல தெரிஞ்சுது. குழாய் ஒண்ணுதான், தொறக்குற நாள்தான் வேற. "மூணு வாரம் கழிச்சாவது ஸ்டென்ட் வச்சிருக்கலாம்ல"ன்னு யாராவது அழுதா அவங்களுக்குச் சொல்லுங்க.

செலவப் பத்தி ஒரு வரி. 2017 பிப்ரவரில மருந்து தடவுன ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய்னு மத்திய அரசு உச்சவரம்பு வச்சாங்க, அதுக்கு முன்னாடி லட்சத்துக்கு மேல வாங்குன பொருள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் இது வருது.

சரி, வருஷங்களுக்கு வருவோம். டென்மார்க்காரங்கதான் இதையும் எண்ணி வச்சிருக்காங்க. ஆஞ்சியோபிளாஸ்டி பண்ணி முதல் மாசத்தத் தாண்டிட்டா, இதயத்தால வர்ற சாவு வருஷத்துக்கு ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. அதுக்கப்புறம் பெரும்பாலும் கேன்சர், நுரையீரல்னு வேற காரணத்துலதான் போறாங்க. எனக்கு இது பெரிய ஆறுதலா இருந்துச்சு, அப்பாகிட்ட சொன்னேன், "அப்ப கேன்சர்ல போவேங்கிறியா"ன்னு கேட்டாரு. ஆனா ஸ்டென்ட்டும் அழியா வரம் இல்ல. முதல் வருஷம் தாண்டுனப்புறமும் வருஷத்துக்கு 2 சதவீதம் பேருக்கு அந்த எடத்துலயே ஏதாவது கோளாறு வருது, எந்தக் கம்பெனி ஸ்டென்ட்டா இருந்தாலும். வருஷத்துக்கு ரெண்டுன்னா சின்னதா தெரியும், பத்து வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்க. அதான் மாத்திரை. பெரியப்பாவுக்கு அன்னைக்குக் கெடச்சது ஆஸ்பிரின், எனலாப்ரில், லேசிக்ஸ். கொழுப்பு மாத்திரை உயிரக் காப்பாத்துதுன்னு 1994லயே நிரூபிச்சாச்சு, மலைமேல அவரு சீட்டுக்கு அது ஏறவே இல்ல. பீடிய அவரு விடல. அட்டாக் வந்தப்புறம் புகைய விட்டவங்களுக்கு சாவு மூணுல ஒரு பங்கு குறையுதுன்னு படிச்சப்ப வயிறு எரிஞ்சுது, அதுக்கு இணையா குறைக்கிற மாத்திரை எங்க இருக்கு.

நடக்கணும், அதுவும் மாத்திரை மாதிரிதான்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கு சொன்னாங்க. "சமதளத்துல நடங்க, மேடு ஏறாதீங்க." கோத்தகிரில சமதளம் எங்க இருக்கு? ரேஷன் கடைக்கு மேடு, கோயிலுக்கு மேடு, பஸ் ஸ்டாப்புக்கு எறங்குனா திரும்ப மேடு. கடைசில காந்தி மைதானத்துல போய் சுத்த ஆரம்பிச்சாரு, வெயில் வந்ததுக்கு அப்புறம்தான், மார்கழி குளிர்ல விடியக்காலைல போகக் கூடாதுன்னு டாக்டர் ஆர்டர், குளிருக்கு ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். உடம்பு தேறுன வேகத்துக்கு மனசு தேறல. ராத்திரி எந்திரிச்சு நாடி புடிச்சுப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு, தனியா பாத்ரூம் போகவே பயம். அட்டாக் வந்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு இப்படி மனச்சோர்வு வருதாம், வந்தா அது இதயத்துக்கும் நல்லதில்ல. டிஸ்சார்ஜ் பேப்பர்ல உப்பு எவ்வளவு எண்ணெய் எவ்வளவுன்னு ஒரு பக்கம் இருந்துச்சு, இதப்பத்தி ஒரு வரி இல்ல. மைதானத்துல கூட சுத்துற இன்னொரு ஸ்டென்ட்காரர்தான் அப்பாவ மெல்ல தேத்துனாரு.

இப்போ 2023ல இருந்து தமிழ்நாடு அரசோட இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் நெஞ்சுவலின்னு போனா ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின்னு 14 மாத்திரை உடனே குடுத்து அனுப்புறாங்க. நல்ல விஷயம். அது ரத்தக்கட்டு மேல மேல வளராமத் தடுக்கும், கரைக்காது. கரைக்கிற ஊசி எந்த ஆஸ்பத்திரில இருக்குன்னு உங்க ஊர்ல முன்னாடியே விசாரிச்சு வச்சுக்கோங்க.

அப்பாவுக்கு இப்ப நடக்குற பஞ்சாயத்து மெட்டோப்ரோலால் பத்தி. ரெண்டாவது ரத்தம் கட்டாம தடுக்குற மாத்திரைய ஒரு வருஷத்துல நிறுத்தியாச்சு. துடிப்பக் குறைக்குற இந்த மெட்டோப்ரோலால காலம் பூரா போடணும்னுதான் நாப்பது வருஷமா சொல்லிட்டு இருந்தாங்க. 2024ல ரெடியூஸ் ஏஎம்ஐங்கற ஆய்வுல, 5,000 பேர், ஈஎஃப் ஐம்பதும் அதுக்கு மேலயும் இருக்குறவங்களுக்கு இதனால லாபம் தெரியலன்னு வந்துச்சு. அதே வருஷம் பிரான்ஸ்ல அபிஸ்ங்கற ஆய்வு, நல்லா இருக்குறவங்களுக்கு நடுவுல நிறுத்திப் பாத்தாங்க, நிறுத்துறது தொடர்றதுக்கு இணையா பாதுகாப்புன்னு நிரூபிக்க முடியல. அப்பா ரெண்டு பக்கமும் சேராத கேஸ்: இப்ப ஐம்பத்திரெண்டு, அன்னைக்கு நாப்பது. டாக்டர் எக்கோ ரிப்போர்ட்ட ரெண்டு தடவ பொரட்டிட்டு, "ஏனுங்கய்யா, இதனால உங்களுக்கு ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?"ன்னு கேட்டாரு. சோர்வா இருக்குன்னா நிறுத்திருவாருன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்பா, "சோர்வெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, மேடெல்லாம் நிக்காம ஏறுறேன்"னு சொல்லிட்டாரு. அடுத்த எக்கோவுக்கு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. கீழ எறங்குறதுக்குள்ள ஆஸ்பத்திரி பார்மஸிலயே மூணு மாசத்துக்கு மெட்டோப்ரோலால் வாங்கி பையில போட்டுக்கிட்டாரு.